காலி இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

பழைய வெள்ளி ரூபாய் சேர்ப்பவர் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: செட் எப்போது முடியும்? 1835இல் நான்காம் வில்லியம் தலையோடு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயில் தொடங்கி, 1945இல் ஆறாம் ஜார்ஜ் தலையோடு முடிந்த வெள்ளி ரூபாய் வரை 110 ஆண்டுகள். நான்கு மன்னர்கள், ஒரு மகாராணி. கேட்கும்போது எண்ணி முடித்துவிடலாம் போலத்தான் தோன்றும். ஆல்பத்தில் முதல் முப்பது நாற்பது இடங்கள் மளமளவென்று நிரம்பும். பிறகு வேகம் குறையும். கடைசிச் சில இடங்கள் வருடக்கணக்கில் வெறுமையாகவே நிற்கும். அந்த வெறுமை தரும் உறுத்தலில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வெள்ளிக்காசுத் தொகுப்பில் காலி இடம் இருப்பது குறை ஆகாது. அது ஏன் காலியாக இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதும், எதையாவது வைத்து அதை மூடிவிடுவதும்தான் குறை.

முதல் சிக்கல் பட்டியலிலேயே இருக்கிறது. எதை முடிப்பது என்று தெரிந்தால்தானே முடிக்க முடியும்? ஆண்டுக்கு ஒரு காசு என்று கணக்குப் போட்டால் தொடக்கத்திலேயே இடறும். ஏனென்றால் அந்தக் காலத்து ரூபாய், தான் அச்சான ஆண்டைச் சொல்வதில்லை. விக்டோரியாவின் முதல் ரூபாயில் 1840 என்று இருக்கும். அதே ஆண்டைத் தாங்கித்தான் 1860களின் தொடக்கம் வரை காசுகள் வந்தன. கம்பெனி ஆட்சி போய் மகாராணியின் நேரடி ஆட்சி வந்த பிறகு 1862 என்று பொறித்தார்கள். அந்த 1862 பன்னிரண்டு ஆண்டுகள் நகரவில்லை. 1874இல்தான் ஆண்டு மாறத் தொடங்கியது. ஆக, ‘1862’ என்ற ஒரே இடத்தில் பன்னிரண்டு ஆண்டு உற்பத்தி அடங்கிக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறவர் ஆண்டெழுத்துக்குக் கீழேயும் பூவேலைக்கு நடுவேயும் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ண வேண்டும். பம்பாய் நாணயச்சாலை அந்தப் புள்ளிகளால்தான் அச்சிட்ட காலத்தைக் குறித்தது என்பது ஆய்வாளர்கள் கொள்ளும் கருத்து. 1840 ரூபாயிலோ மகாராணியின் பெயர் தலையைச் சுற்றி ஒரே தொடராக ஓடுவது ஒரு வகை, தலைக்கு இருபுறமும் பிரிந்து நிற்பது இன்னொரு வகை. பின்பக்க மாலையில் இருக்கும் காய்களின் எண்ணிக்கையைக் கொண்டு இன்னும் பல ரகம்.

எங்கே கோடு கிழிப்பது? வகைக்கு ஒன்று போதும் என்றால் பத்துப் பன்னிரண்டு காசில் வேலை முடிந்துவிடும்: வில்லியம், 1840இன் இரண்டு வகை, ராணி விக்டோரியா, 1877 முதல் ‘பேரரசி’ விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜின் 1911, அவருடைய 1912க்குப் பிந்தையது, ஆறாம் ஜார்ஜின் சில. ஆண்டும் நாணயச்சாலையும் சேர்த்து எண்ணினால் பட்டியல் பல மடங்காகும். கல்கத்தாவும் பம்பாயும் ஒரே ஆண்டில் தனித்தனியாக அச்சிட்டன. பம்பாய்க் காசை ஒரு புள்ளியாலோ பொடி எழுத்தில் இருக்கும் ‘பி’யாலோ அடையாளம் காண வேண்டும். இன்றைக்குச் சென்னைத் தங்கசாலைத் தெருவின் பெயரில் மட்டும் வாழும் மதராஸ் நாணயச்சாலையும் 1869இல் மூடப்படும்வரை இந்தக் கணக்கில் உண்டு. அதன் காசுகளைக் கல்கத்தாக் காசிலிருந்து பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் சோதனைதான். அச்சு வேறுபாடு ஒவ்வொன்றையும் தனி ரகமாகக் கொண்டால் பட்டியலுக்கு முடிவே கிடையாது. பிரிட்மோர் 1980இல் வெளியிட்ட தொகுதியும், ஸ்டீவன்ஸும் வெயரும் 2012இல் கொண்டுவந்த நூலும் இந்தத் துறையின் தூண்கள். ஒன்றுக்குப் பின் ஒன்று வரும்போது பட்டியல் நீண்டதே தவிரச் சுருங்கவில்லை. ஆராய்ச்சி வளர வளர இலக்கு தள்ளிப்போகும் துறை இது. முழுமை என்பது காசில் இல்லை, நாம் போடும் வேலியில் இருக்கிறது என்பதற்கு இதுவே முதல் சான்று.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. எந்தக் காசு அரிது என்று தீர்மானிக்க எல்லோரும் முதலில் பார்ப்பது நாணயச்சாலை அச்சிட்ட எண்ணிக்கையை. ஆனால் அந்த எண் பிறப்புக் கணக்கு மட்டும்தான். எத்தனை பிழைத்தன என்று அது சொல்லாது. அதிலும் ஒரு சிடுக்கு உண்டு: அரசின் கணக்கு நிதியாண்டை ஒட்டி எழுதப்பட்டது, காசிலோ நாட்காட்டி ஆண்டு. ஆக இந்தப் பிறப்புக் கணக்கும் காசில் காணும் ஆண்டோடு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. இறப்புக் கணக்கை எழுதி வைத்தவர் யாருமே இல்லை.

வெள்ளிக்காசு ஏன் இவ்வளவு எளிதாகச் சாகிறது என்று பார்ப்போம். ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கணக்குப் பார்த்தால் ஒரு காசில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி. ஒரு தோலாவும் ஒரு ரூபாயும் ஒரே எடை. நம் ஊரில் மருந்துச் சரக்கையும் நகையையும் ‘ரூபாய் எடை’யில் சொன்னது அதனால்தான். எடையும் மாற்றும் அரசாங்க முத்திரையோடு உறுதியாகத் தெரிந்த வெள்ளித்துண்டு கையில் இருக்கும்போது, கொலுசோ அரைஞாணோ செய்ய ஆசாரிக்கு அதைவிட நல்ல மூலப்பொருள் எது? மூசையில் விழுந்த ரூபாய் எந்த ஆண்டினது, எந்த நாணயச்சாலையது என்று அவர் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிழைத்தவற்றிலும் எத்தனையோ காசுகள் துளை போட்டுக் கழுத்தில் தொங்கின. எத்தனையோ காசுகளின் விளிம்பில் வளையம் பற்றவைக்கப்பட்டது.

வீட்டு மூசையாவது சிறியது. அரசுகளின் உலை மிகப் பெரியது. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்கு ஏற்பட்ட தட்டுப்பாடு கடுமையானது. காசை உருக்குவதையும் நாணயமாக அல்லாமல் வேறு வகையில் பயன்படுத்துவதையும் 1917இல் அரசு தடை செய்தது. அதே ஆண்டின் இறுதியில் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றித் தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டவற்றை உருக்கியது. அதில் 25 கோடியே 91 லட்சம் டாலருக்கான வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டே கால் ரூபாய் அடிக்கலாம். 1918இல் கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் ரூபாய் அச்சிட்டது அந்தப் பின்னணியில்தான். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: எந்த ஆண்டு டாலர் எத்தனை உருகியது என்று அமெரிக்காவில் யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால் மார்கன் டாலர் சேர்க்கும் அமெரிக்கருக்கு இன்றுவரை அச்சுக் கணக்கு உதவாது. அவர் ஆல்பத்தில் இருக்கும் வெறுமைக்கும் நம் ஆல்பத்தில் மலிந்து கிடக்கும் 1918 ரூபாய்க்கும் ஒரே உலைதான் காரணம்.

அந்த உலை பின்பு நம் பக்கமும் திரும்பியது. 1920 பிப்ரவரியில் லண்டனில் வெள்ளி அவுன்ஸுக்கு 89 பென்ஸைத் தொட்டபோது, ரூபாய்க்குள் இருந்த வெள்ளி ரூபாயின் மதிப்பையே மிஞ்சியது. பிறகு விலை சரிந்தது. இந்திய நாணய முறையை ஆராய்ந்த ஹில்டன் யங் குழுவின் 1926 அறிக்கைக்குப் பின் அரசு தன் கையிருப்பு ரூபாய்களை உருக்கி வெள்ளியாக விற்றது. 1940இல் இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது: வெள்ளி 50 பங்கு, செம்பு 40, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. அதைத் தொடர்ந்து விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் என்று பழைய முழு வெள்ளி ரூபாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாக்காசாக அறிவிக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பாதி வெள்ளி ரூபாயும் தப்பவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய சுமார் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியைத் திருப்பித் தர, 1950களில் அவற்றையும் சேகரித்துக் கல்கத்தாவில் சுத்திகரித்தார்கள்.

இதில் என்னை மிகவும் பாதிப்பது ‘சிட்டி ஆஃப் கெய்ரோ’ கப்பலின் கதை. பம்பாயிலிருந்து சுமார் 100 டன் வெள்ளி நாணயங்களோடு இங்கிலாந்துக்குச் சென்ற அந்தக் கப்பலை 1942 நவம்பர் 6 அன்று செயின்ட் ஹெலினா தீவுக்குத் தெற்கே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அத்தனையும் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 85 லட்சம் காசுகள். எழுபது ஆண்டுகள் 5,150 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. மனித வரலாற்றில் அவ்வளவு ஆழத்திலிருந்து எதையும் மீட்பதே அரிய செயல், மீட்டார்கள். 2015இல் செய்தி வந்தபோது அந்தக் காசுகள் உருக்கி விற்கப்பட்டுவிட்டன. கடல் காப்பாற்றி வைத்ததைக் கரையில் உருக்கினோம். அந்தக் காசுகளில் எந்தெந்த ஆண்டு, எந்தெந்தப் புள்ளி, எந்தெந்த ரகம் இருந்தன என்று இனி யார் சொல்வது? ஒரு சேகரிப்பாளரின் ஆல்பத்தில் இருக்கும் வெறுமைக்குப் பின்னால் இப்படியொரு நிகழ்வு இருக்கலாம். அதை வெறும் ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்ற வரியில் அடைத்துவிட முடியாது.

அச்சு எண்ணிக்கையும் பிழைப்பு எண்ணிக்கையும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு இரண்டு காசுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது, புகழ்பெற்ற 1911 ரூபாய். மன்னர் மார்பில் தொங்கிய விருதுச் சங்கிலியில் ஒரு யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் அது பன்றி போலத் தெரிகிறது என்று முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழ, வடிவத்தைத் திருத்தி 1912இல் புதிய அச்சை வெளியிட்டார்கள். 94 லட்சத்துக்கு மேல் அச்சிட்டதில் வெளியே போனது ஏறக்குறைய ஏழு லட்சம்தான். மீதி உலைக்குப் போனது. இவ்வளவு பெரிய கதை இருப்பதால் இதுதான் எட்டாக்கனி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கொஞ்சம் பொறுத்துத் தேடினால் 1911 கிடைக்கும். கதையாலேயே மக்கள் அதை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். இரண்டாவது, 1939 ரூபாய். முழு வெள்ளியில் வந்த கடைசி ஆண்டு. சர்ச்சை இல்லை, கதை இல்லை. வெளியே வந்த மிகக் கொஞ்சமும் வந்த சுவடு தெரியாமல் போனது. இன்று வெள்ளி ரூபாய் வரிசையிலேயே பெரும்பாலானோரைத் தடுத்து நிறுத்துவது இந்தக் காசுதான். அரிது என்பது நாணயச்சாலையில் அச்சிடும்போது முடிவாவதில்லை, மக்கள் கையில்தான் முடிவாகிறது.

எங்கே வெறுமை இருக்கிறதோ அங்கேதான் போலியும் வந்து நிற்கும். யாரும் 1918 ரூபாயைக் கள்ளத்தனமாகச் செய்து நேரத்தை வீணாக்க மாட்டார்கள். 1938 ரூபாயின் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவதுதான் அவர்களுக்கு லாபம். எடை சரி, மாற்று சரி, சுண்டினால் எழும் ஓசையும் சரி. ஏனென்றால் அது உண்மையான அரசாங்கக் காசு. பொய் ஒரே ஒரு இலக்கத்தில் மட்டும். வார்ப்பில் செய்த போலியை 11.66 கிராமும் தராசும் காட்டிக் கொடுக்கும். நீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்த்தாலும் தெரிந்துவிடும். விளிம்பில் ஓடும் இணைப்புக் கோட்டைக் கண்ணாடியில் பிடிக்கலாம். செதுக்கிய ஒன்பதைப் பிடிக்க, அசல் ஒன்பது எப்படி இருக்கும் என்று முன்பே மனதில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நேரமாகும். ‘இது ஒன்றுதான் பாக்கி’ என்ற அவசரம் அந்த நேரத்தைத் தருவதில்லை.

இனி எதிர்க்கேள்விகளைப் பார்ப்போம். முதல் கேள்வி: பணம் இருந்தால் எல்லாம் கிடைக்குமே, இவ்வளவு தத்துவம் எதற்கு? ஏலத்துக்கு வரும் காசைப் பணம் வாங்கித் தரும், உண்மை. சான்றளிக்கும் நிறுவனங்கள் உறையிட்டுத் தரும் காசுக்குக் கூடுதல் நம்பிக்கையும் உண்டு. ஆனால் ஏலத்துக்கு வரவே இல்லாத ரகத்துக்கு விலையே கிடையாது. உருகிப் போனதை எந்தப் பணமும் திரும்பக் கொண்டுவராது. மேலும், பட்டியல் நீண்டுகொண்டே போகும் துறையில், இன்று பணத்தால் முடித்த செட் நாளை வரும் ஒரு நூலால் மறுபடி திறந்துகொள்ளும். பணம் சில இடங்களை நிரப்பும். வேலியைப் போட்டுத் தராது.

இரண்டாவது கேள்வி நியாயமானது, அதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன்: தேய்ந்ததோ துளை விழுந்ததோ, இப்போதைக்கு ஒன்றை வைத்துக்கொண்டு நல்லது வரும்போது மாற்றினால் என்ன? தாராளமாக வைக்கலாம். ஒரு காலத்தில் கழுத்தில் தொங்கிய ரூபாய் பொய் சொல்வதில்லை. அந்தத் துளையும் அதன் வாழ்க்கையில் ஒரு பகுதி. மறைப்பதில்தான் தவறு. துளையை அடைத்து மெருகேற்றியதையும், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியதையும் சேதமில்லாத காசு என்று வைக்கும்போது தொகுப்பு பொய் சொல்லத் தொடங்குகிறது. வெள்ளி தானாகக் கறுத்து எடுக்கும் நிறத்தை நாம் தேய்த்து எடுத்துவிட்டால் அது திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும். நாணயச்சாலைகளே பிற்காலத்தில் பழைய அச்சுகளைக் கொண்டு சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடித்துத் தந்த காசுகளுக்கும் இதே அளவுகோல்தான். ‘மறுஅச்சு’ என்று எழுதி வைத்தால் அது நேர்மையான துணை. அசலின் இடத்தில் பெயரில்லாமல் வைத்தால் அது வெறும் அடைப்பான்.

மூன்றாவது கேள்விதான் மனதைத் தொடுவது: முடியாது என்று முன்பே ஒப்புக்கொண்டால் தேடும் ஆர்வம் வற்றிவிடாதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர் காணாமல் போன ஒரு காசை மட்டும் தேடுகிறார். அவருக்கு முன்னால் கிடக்கும் ஐம்பது 1862 ரூபாய்களில் புள்ளிகளை எண்ணிப் பார்க்க அவருக்குப் பொறுமை இராது. காலி இடத்தை நிதானமாக ஏற்றவருக்கு அந்த ஐம்பதும் ஆராய்ச்சிப் பொருள். புதிய ரகங்களை நூலில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் இப்படி மலிவான காசுக் குவியலை உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். அதோடு, அவசரம் சட்டத்தையும் மறக்கச் செய்யும். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. தனிநபர் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. மண்ணில் புதைந்து கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘எங்கிருந்து வந்தது’ என்று கேட்காமல் வாங்கி நிரப்பிய இடம், பின்னாளில் ஆல்பத்திலேயே மிகவும் உறுத்தும் இடமாகிவிடலாம்.

ஆகவே நான் பரிந்துரைப்பது எளிய ஒழுங்கு. தொகுப்பின் முதல் பக்கத்தில் வேலியை எழுதுங்கள்: வகைக்கு ஒன்றா, ஆண்டுக்கு ஒன்றா, நாணயச்சாலைக்கு ஒன்றா, 1862இன் புள்ளிகள் மட்டுமா. எழுதிய பிறகு ஆசைக்காக அதை நீட்டாதீர்கள். காசு கிடைக்காத ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு வையுங்கள். எத்தனை அச்சிட்டார்கள், எப்போது திரும்பப் பெற்றார்கள், எதனால் அது அரிதானது, எந்தப் போலி அந்த இடத்தைக் குறிவைக்கிறது என்று தெரிந்த அளவுக்கு அதில் எழுதுங்கள். பிற்காலத்தில் அந்த ஆல்பத்தைத் திறப்பவர், நிரம்பிய இடங்களில் எந்தெந்தக் காசு பிழைத்தது என்று தெரிந்துகொள்வார். வெள்ளி எங்கே போனது என்பதை அவருக்கு அந்தச் சீட்டுகள்தான் சொல்லும்.